கிணற்றடியில் பதின்மூன்று பெண்கள்: பெட்டிக்குள் நிறுத்திப் படம் கீறும் முறை

வேதாகமக் காட்சி ஒன்றைக் கீறச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் முகத்தில்தான் தொடங்குவார்கள். முகம், பிறகு தாடி, பிறகு உடுப்பின் மடிப்பு. கால் வரவேண்டிய இடத்துக்கு வரும்போது கடதாசி முடிந்துவிடும். பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளுக்கு இடம் இருக்காது; அவரைத் தூரத்தில் சின்னதாக, அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். இருபத்தொன்பது வருடம் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பித்தேன். நானும் அப்படித்தான் படித்தேன். நெடுங்காலம் அப்படித்தான் படிப்பித்தேன். இப்போது குருநகரில் என் வீட்டு விறாந்தைக்குச் சனிக்கிழமைகளில் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு வேறு வழியில் சொல்லிக்கொடுக்கிறேன். பங்கு மண்டபத்துக்கோ, மறைக்கல்வி வகுப்புக்கோ, உயர்தரச் சித்திரப் பாடத்துக்கோ பல ஆட்கள் நிற்கும் படம் ஒன்றைக் கீற வேண்டிய எவரும் இதைச் செய்யலாம். ஐந்து சனிக்கிழமை எடுக்கும்.

வழி என்னுடையதல்ல, நிக்கோலா பூசான் என்ற ஓவியருடையது. 1594இல் பிரான்சின் நோர்மண்டிப் பக்கம் பிறந்தவர். 1624இல் ரோமுக்குப் போனார். 1640 முதல் 1642 வரை அரசரின் அழைப்பில் பாரிசில் இருந்ததைத் தவிர, 1665இல் சாகும்வரை ரோமிலேயே இருந்தார். அவர் தூரிகையைத் தொடுமுன் சின்னச் சின்ன மெழுகு உருவங்கள் செய்வார். அவற்றுக்கு நனைத்த கடதாசியோ மெல்லிய பட்டோ உடுத்துவார். ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, வெளிச்சம் விழப் பக்கத்தில் திறப்பு விட்டு, முன்னால் ஒரு சின்னத் துவாரத்தால் பார்த்துக் கீறுவார். அவர் காலத்தவர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். முதன்முதலாக இதை வாசித்தபோது, இது எங்கள் பாலன் குடில்தானே என்று நினைத்தேன். மார்கழியில் வைக்கோலைப் பரப்பி, இடையனை ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, வாசலடிக்குப் போய் நின்று பார்த்து, திரும்பி வந்து மாட்டை நகர்த்துகிறோமே, அதே வேலை. பூசான் அதை வருடம் முழுக்கச் செய்தார்.

எந்தப் படம், எந்தக் கணம்

பழகுவதற்கு நான் எடுப்பது அவர் 1648இல் வரைந்த 'எலியேசரும் ரெபெக்காளும்'. இப்போது பாரிசில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 118 சென்ரிமீற்றர், அகலம் ஏறக்குறைய 2 மீற்றர். இதை எடுக்கக் காரணம் உண்டு. ஆறில்லாத ஊர்க்காரர் நாங்கள். கிணற்றடியில் பெண்கள் நிற்பது எப்படி, குடம் இடுப்பில் ஏறும்போது முதுகு எந்தப் பக்கம் வளையும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இளவாலையில் என் அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில் விடிய ஐந்து மணிக்கே நாலு வீட்டுப் பெண்கள் நிற்பார்கள். ஊர்க் கதை முழுக்க அங்கேதான் இறங்கும். கலியாணப் பேச்சும் அங்கேதான் முதலில் கசியும்.

கதை ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி வேலைக்காரனை அனுப்புகிறார். அவன் பத்து ஒட்டகங்களோடு வந்து, பெண்கள் தண்ணீர் மொள்ள வரும் மாலை நேரத்தில் ஊருக்கு வெளியே உள்ள கிணற்றருகே நிற்கிறான். 'எனக்கும் தண்ணீர் தந்து, என் ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று சொல்பவளே அந்தப் பெண்' என்று மனதுக்குள் வேண்டிக்கொள்கிறான். ரெபெக்காள் அப்படியே செய்கிறாள். அவன் பொன் நகைகளை எடுத்துக் கொடுக்கிறான். அந்த அதிகாரத்தில் அவனுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. 15ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் வீட்டை மேற்பார்க்கும் விசாரணைக்காரனாக எலியேசர் என்ற பெயர் வருவதால் அவனையே இவனென்று கொள்வது வழக்கம்.

முதல் சனிக்கிழமை நாங்கள் கீறுவதே இல்லை. அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கிறோம், இரண்டு தரம். பிறகு நான் கேட்பேன்: இதில் எத்தனை படம் இருக்கிறது? வேண்டிக்கொள்வது ஒரு படம். குடத்தைச் சரித்துத் தண்ணீர் கொடுப்பது ஒரு படம். நகையை நீட்டுவது ஒரு படம். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்வது ஒரு படம். ஒன்றை மட்டும் தெரிய வேண்டும். பூசான் நகையை நீட்டும் கணத்தைத் தெரிந்தார். 1639இல், மன்னா பொறுக்கும் இஸ்ரவேலர் படத்தை ஷான்தலூ என்ற நண்பருக்கு அனுப்பியபோது, கதையையும் படத்தையும் சேர்த்து வாசித்து, ஒவ்வொன்றும் சொல்லவந்த விஷயத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள் என்று எழுதினார். 'வாசியுங்கள்' என்பதுதான் அவர் சொல். படத்தை வாசிக்கச் சொன்னவர் அதை எழுத்தெண்ணி எழுதியிருப்பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

2014இல் தங்கையின் மகளுடைய கலியாணத்துக்குப் பாரிசுக்குப் போனபோது இந்தப் படத்தின் முன்னால் ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். லா ஷப்பலில் எங்கள் சனத்தின் கடைகளுக்கு நடுவே தங்கியிருந்து, காலையில் மெட்ரோ பிடித்துப் போய், லூவரின் ரிஷலியூ கட்டடத்தின் மேல் மாடியில் தேடிக் கண்டுபிடித்தேன். அதுவரை அச்சில் பார்த்த படம், உள்ளங்கை அளவு. அச்சில் நான் காணாமல் விட்டது ஒன்றை அன்றுதான் கண்டேன். ஒருத்தி தன் குடத்திலிருந்து தோழியின் குடத்துக்கு நீர் வார்க்கிறாள். ஆனால் கண் வார்க்கிற இடத்தில் இல்லை. அந்நியன் நகையை நீட்டுவதைப் பார்க்கிறாள். கீழே குடம் நிறைந்து வழிகிறது. அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வழிகிற நீர்தான் படத்தின் மணிக்கூடு. அவள் எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அது சொல்லிவிடுகிறது. 'அங்கே ஏதோ நடக்கிறது' என்பதை அவள் வாயைத் திறக்காமல் சொல்கிறாள். படத்தில் பதின்மூன்று பெண்கள். ரெபெக்காள் நடுவில், ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தயங்கி நிற்கிறாள். வலப்பக்கம் ஒருத்தி குடத்தின் மேல் சாய்ந்தபடி பார்க்கிறாள். அந்தப் பார்வையை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்: 'இவளுக்கோ?' என்ற பார்வை. சிலர் தங்களுக்குள் கதைக்கிறார்கள். சிலருக்கு இன்னும் விஷயமே தெரியாது. புவான்தெல் என்ற பாரிஸ் வணிகர், பெண்கள் பலர் சேர்ந்திருக்கும், இத்தாலிய ஓவியர் குயிதோ ரேனியின் ஓவியம் ஒன்றைப் பார்த்துவிட்டு, வெவ்வேறு விதமான அழகுடைய பெண்கள் நிறைந்த படம் ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்டதற்குப் பூசான் கொடுத்த பதில் இது. அழகு வேறுபட வேண்டும் என்று கேட்டார் அவர்; பூசான் மனங்களையும் வேறுபடுத்திக் கொடுத்தார்.

ஒட்டகங்களை என்ன செய்வது

சமாதானக் காலத்தில், 2003இல், ஒரு மண்டபச் சுவருக்கு இதே காட்சியைப் பெரிதாக வரைந்தேன். வேதத்தில் பத்து ஒட்டகம் என்று இருக்கிறது, நானும் பத்தையும் வரைந்தேன். ஒட்டகத்தை நேரில் கண்டதில்லை, ஆகவே படங்களைப் பார்த்துக் கவனமாக, ஒவ்வொன்றுக்கும் சேணம், மணி, குஞ்சம் எல்லாம் வைத்து வரைந்தேன். திறப்பு நாளில் வந்தவர்கள் எல்லாரும் ஒட்டகங்களின் முன்னால் நின்றார்கள். சிறுவர்கள் விரல் வைத்து எண்ணினார்கள். ரெபெக்காளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மூன்று மாத வேலை.

பூசான் ஒட்டகங்களை விட்டுவிட்டார். இதற்காக அவர் இறந்த பின்னும் வாதம் நடந்தது. 1668 ஜனவரியில் பாரிஸ் அரச ஓவியக் கழகத்தில் பிலிப் த ஷாம்பேன் என்ற ஓவியர் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினார். நிறையப் புகழ்ந்துவிட்டு, வேதத்தில் சொன்ன ஒட்டகங்கள் எங்கே என்று கேட்டார். அதே கழகத்து ஓவியர் ஷார்ல் லு பிரன் பூசானுக்காகப் பதில் சொன்னார்: பார்ப்பவரின் கண்ணை முக்கிய விஷயத்திலிருந்து இழுத்துப்போகும் விநோதமான பொருள்களைப் பூசான் வேண்டுமென்றே விலக்கினார் என்று. இரண்டு பேருமே படத்தை மதித்தவர்கள், இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் 2003இல் பட்டது போதும். நான் லு பிரன் பக்கம்.

ஆகவே இரண்டாவது வேலை: தெரிந்த கணத்துக்கு வேண்டாதவற்றை எழுதிக் கோடு போட்டு வெட்டுங்கள். எங்கள் பிள்ளைகள் பதின்மூன்று பெண்களையும் செய்யப் போவதில்லை. ஐந்து உருவம் காணும்: எலியேசர், ரெபெக்காள், நீர் வார்க்கிறவள், குடம் பிடிக்கிறவள், சாய்ந்து நிற்கிறவள். கிணறு ஒன்று. குடம் நாலு.

பெட்டி

பிஸ்கற் வரும் மட்டைப்பெட்டி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள். பூசானின் படம் ஏறக்குறைய ஐந்துக்கு மூன்று அளவு. அதனால் பெட்டியின் முன்பக்கம் 15 அங்குல அகலம், 9 அங்குல உயரம் வரும்படி வெட்டுங்கள். ஆழம் 12 அங்குலம். உள்ளே தரையில் ஒரு அங்குலச் சதுரங்களாகப் பென்சிலால் கோடு போடுங்கள். யார் எந்தக் கட்டத்தில் நின்றார் என்று குறித்து வைத்தால்தான் மறுநாள் பூனை தட்டிவிட்டாலும் திருப்பி நிறுத்தலாம்.

ஒரு பக்கச் சுவரில் மேலே, உள்ளங்கை அளவு யன்னல் வெட்டுங்கள். வெளிச்சம் அதால் மட்டும் வரவேண்டும். எதிர்ப் பக்கச் சுவரின் உள்ளே வெள்ளைக் கடதாசி ஒட்டுங்கள். நிழலுக்குள் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும், இல்லாவிட்டால் நிழல் கரிக்கட்டியாகிவிடும். பெட்டிக்கு மேல்மூடி இருக்கட்டும்.

முன்னால் துவாரம்தான் உயிர். வேறொரு மட்டையில் பத்துச் சத நாணயமளவு ஓட்டை போட்டு, பெட்டியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிமிர்த்தி வையுங்கள். ஒரு கண்ணை மூடி அதால் பார்க்க வேண்டும். ஓட்டையின் உயரம் உருவங்களின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று பிள்ளைகளை நானே செய்து பார்க்க வைப்பேன். ஓட்டை கண் மட்டத்தில் இருந்தால், முன்னால் நிற்பவளின் தலையும் பின்னால் நிற்பவளின் தலையும் ஒரே கோட்டில் தெரியும். தூரத்தில் நிற்பவளுக்குப் பாதம்தான் மேலே ஏறும், தலை இறங்காது. தூரத்து ஆட்களை அந்தரத்தில் தொங்கவிட்ட அதே பிள்ளை ஓட்டையால் பார்த்துவிட்டு, 'ரீச்சர், தலையெல்லாம் ஒரு கொடியில காயப்போட்ட மாதிரி நிக்குது' என்றாள். பல வருடமாகக் கரும்பலகையில் கோடு போட்டு நான் விளக்க முயன்றதை அவள் ஒரு நிமிடத்தில் பிடித்துவிட்டாள். பூசானின் படத்திலும் தலைகள் பெரும்பாலும் ஒரு பட்டையாக ஓடுவதைப் பாருங்கள். பழைய ரோமக் கற்செதுக்கல்களை அவர் அவ்வளவு படித்திருந்தார்.

மெழுகு

யூன் 13 அந்தோனியார் திருநாள் முடிந்த கையோடு கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கினால் ஒரு வருடத்துக்குக் காணும். எங்கள் டின்னில் உள்ளது பாசையூரில் யாரோ நேர்த்தி வைத்து ஏற்றிய திரிகள். அதனால் பிள்ளைகள் அதை மரியாதையாகவே தொடுவார்கள்.

மெழுகுதிரி மெழுகு தனியே நல்லதில்லை, வளைத்தால் உடையும். நாட்டு மருந்துக்கடையில் தேன்மெழுகு கிடைக்கும். இரண்டு பங்கு மெழுகுதிரிக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். நேரே நெருப்பில் வைக்க வேண்டாம், மெழுகு பற்றிக்கொள்ளும். பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து அதற்குள் டின்னை இறக்கி உருக்குங்கள். இதைப் பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும். ஆறி, கை பொறுக்கும் சூட்டில், கொழுக்கட்டை மா பதத்தில் வரும்போது எடுங்கள்.

மேசன்மார் கம்பி கட்டப் பாவிக்கும் மெல்லிய கட்டுக்கம்பியில் எலும்பு செய்யுங்கள். உருவத்தின் உயரம் 5 அங்குலம். தலை முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு தலை உயரத்துக்கு ஒரு ஆள் என்ற கணக்கு. பூசான் ரோமில் பழைய சிலைகளை அளவுகோல் வைத்து அளந்தவர், ஆகவே அளவில் சோம்பல் வேண்டாம். கம்பியை முதலில் வளைத்து நிலையைச் சரியாக்குங்கள். நிலை சரியாக வந்த பிறகுதான் மெழுகு. இடுப்பில் குடம் வைத்தவளுக்கு மற்றப் பக்க இடுப்பு உள்ளே போகும், தோள் அந்தப் பக்கம் சாயும். சந்தேகம் வந்தால் ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிப் பாருங்கள். நான் பிள்ளைகளை என் கிணற்றடிக்கே கூட்டிப்போய் ஆளுக்கொரு தரம் தூக்க வைப்பேன்.

முகம் செய்ய வேண்டாம். கண், மூக்கு, வாய் ஒன்றும் வேண்டாம். தலை ஒரு முட்டை, அவ்வளவுதான். பூசானின் பேனா வரைபுகள் பலவற்றிலும் முகம் வெறும் முட்டையாகவே இருக்கும். எங்கே திரும்பியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் காணும்.

ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசியில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு விறாந்தையில் வைத்த உருவம் தலை குனியும். போன வருடம் ஐந்து பேரும் ஒரே நாளில் முழங்காலில் மடங்கிவிட்டார்கள். காலையில் வேலை செய்யுங்கள். மற்ற நேரம் ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் நிறுத்தி, நிழலில் வையுங்கள்.

உடுப்பு

தடித்த துணி இந்த அளவுக்கு விழாது. பழைய வொயில் சேலையின் தலைப்பு நல்லது. இல்லாவிட்டால் மெல்லிய ரிசு கடதாசியை மாப்பசைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், காய்ந்ததும் விறைத்து நிற்கும். மடிப்பைக் கையால் செய்யப் பார்க்க வேண்டாம். துணியைத் தோளில் ஓரிடத்தில் ஊசியால் குத்தி, முழங்கையில் ஓரிடம் இழுத்து, விட்டுவிடுங்கள். மடிப்பு எப்போதும் இழுபடும் இடத்திலிருந்து பிறக்கும்: தோள், முழங்கை, இடுப்பு, முன்னால் வைத்த முழங்கால். கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு நிற்பவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முடிச்சுப் போட்ட இடத்திலிருந்து கதிர்போல மடிப்பு விரியும், கீழே வரவர நேராகும்.

நிறுத்துவது

இதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை வேண்டும். அவசரப்பட வேண்டாம்.

முதலில் எலியேசரையும் ரெபெக்காளையும் மட்டும் வையுங்கள். இருவருக்கும் நடுவில் நீட்டிய கை, அதில் சொக்லற் சுற்றிய பொன்நிறத் தாளில் ஒரு துணுக்கு. அந்தத் துணுக்குக்குப் பின்னால் ஒன்றும் வரக்கூடாது, வெறும் சுவர் தெரிய வேண்டும். பிறகு மற்ற மூவரையும் ஒவ்வொருவராகக் கொண்டுவாருங்கள். ஒவ்வொருத்தியையும் வைக்குமுன் ஒரு கேள்வி: நகை நீட்டப்படும் அந்தக் கணத்தில் இவள் என்ன செய்கிறாள்? 'சும்மா நிற்கிறாள்' என்ற பதிலை நான் ஏற்பதில்லை. கண்டாளா, காணவில்லையா? கண்டால் மனதில் என்ன? காணவில்லை என்றால் எதில் மூழ்கியிருக்கிறாள்?

இப்போது ஈர்க்கு. தென்னோலை ஈர்க்கை மூன்று அங்குலத் துண்டுகளாக முறித்து, ஒவ்வொரு மெழுகுத் தலையிலும் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் குத்துங்கள். ஐந்து பேருடைய பார்வையும் ஐந்து ஈர்க்காக நீட்டிக்கொண்டு நிற்கும். பெட்டியின் மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள். பெரும்பாலும் முதல் தடவை ஐந்தும் நகையையே காட்டும். அது படமல்ல, குழுப் புகைப்படம். நான் பிள்ளைகளிடம் இரண்டு ஈர்க்காவது வேறெங்கோ போக வேண்டும் என்பேன். குடம் பிடிக்கிறவளின் ஈர்க்கைக் கீழே, தண்ணீரை நோக்கித் திருப்பினார்கள். உடனே நீர் வார்க்கிறவளின் ஈர்க்கு தனித்துத் தெரிந்தது. கை தண்ணீரில், கண் நகையில். ரெபெக்காளின் ஈர்க்கைப் பற்றி ஒரு பெரிய வாக்குவாதம். நகையைப் பார்க்கிறாளா, தரையைப் பார்க்கிறாளா? பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: 'நகையைப் பார்த்தா ஆசைக்காரி எண்டு நினைப்பினம், அவரைப் பார்த்தா வெட்கம் கெட்டவள் எண்டு நினைப்பினம், அவ நிலத்தைத்தான் பார்ப்பா.' அப்படியே நிலத்துக்குத் திருப்பினோம். பிறகு ஈர்க்குகளைப் பிடுங்கிவிட்டு ஓட்டையால் பார்த்தோம். முகமில்லாத ஐந்து முட்டைகளிலும் ஐந்து மனம் தெரிந்தது. ஒரு பிள்ளை நெடுநேரம் ஓட்டையை விட்டு எழும்பவில்லை.

ரோச் லைற்றை யன்னலடியில் வைத்து, மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கதை பின்னேரம் நடப்பதால் வெளிச்சம் சாய்வாக வர வேண்டும், நிழல் நீளமாக விழ வேண்டும். ஒருவரின் நிழல் மற்றவரின் முகத்தில் விழுந்தால் ஆளை நகர்த்துங்கள், ரோச்சை நகர்த்த வேண்டாம். சரியாக வந்ததும் கைபேசியில் படம் எடுக்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். வேண்டாம் என்பேன். கைபேசி எல்லாவற்றையும் ஒரே அளவு கூர்மையாகக் காட்டிவிடும். கண்ணுக்கும் கைக்கும்தான் எது முக்கியம் என்று தெரியும்.

கீறுவது

துவாரத்தால் ஒரு தரம் பார்க்க, கடதாசியில் ஒரு தரம் கீற. முதலில் பேனாவால் கோடு மட்டும். பிறகு கடும் சாயமாக ஊற்றிய பிளேன்ரீ. பூசான் கபில நிற மையைக் கரைத்துத் தூரிகையால் நிழலிடுவார், எங்களுக்குத் தேயிலைச் சாயம் அதே வேலையைச் செய்யும். இரண்டே நிலை: கடதாசியின் வெள்ளை வெளிச்சம், சாயம் நிழல். மிக இருண்ட இடத்துக்கு மட்டும் காய்ந்த பின் இரண்டாம் தடவை. இதில் நிற்காத படம் நிறம் போட்டாலும் நிற்காது. ஆட்களை நகர்த்தி மூன்று நாலு வரைபாவது செய்யுங்கள். முதலாவதுதான் நல்லது என்று பிள்ளைகள் எப்போதும் சொல்வார்கள், பெரும்பாலும் மூன்றாவதுதான் நல்லதாக இருக்கும்.

பிடித்த வரைபில் கட்டம் போட்டு, பெரிய கடதாசிக்கு மாற்றுங்கள். இந்த நேரத்தில் மட்டும் முகங்களுக்கு வாருங்கள். நிலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் முகத்துக்கு இனிக் கொஞ்ச வேலைதான் இருக்கும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ரெபெக்காளுக்கு நீலம், சுத்தமான நீலம், பெரிய பரப்பாக. அதே நீலத்தை வேறொருத்திக்குக் கொடுக்க வேண்டாம். மஞ்சள், சிவப்பு இரண்டையும் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். சுவரும் நிலமும் மண் நிறம்.

பின்னணியில் ஒரு கேள்வி எப்போதும் வரும்: ரோமக் கட்டடம் கீறவா, நெடுமரத்தை ஏற்றி இறக்கித் தண்ணீர் அள்ளும் எங்கள் துலாக்கிணறு கீறவா? பூசான் ரோமில் இருந்தபடியால் தான் கண்ட கல்லையும் தூணையும் வைத்தார், வலப்பக்கம் ஒரு தூணின் மேல் கல்லுருண்டையும் வைத்தார். எங்கள் பிள்ளைகள் துலா கீற ஆசைப்படுகிறார்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் துலா ஒரு பெரிய சாய்கோடு. படத்தில் எங்கே வைத்தாலும் கண் அதன் வழியே ஓடும். ஆகவே ஈர்க்கு ஒன்றைத் துலாவாக வைத்துப் பெட்டிக்குள் பாருங்கள். அதன் நுனி நகையை நோக்கி இறங்கினால் வைத்திருங்கள். வானத்தை நோக்கி ஓடினால் எடுத்துவிட்டு, துலாவைத் தாங்கும் ஆடுகாலை மட்டும் நிமிர்ந்த தூணாக விடுங்கள். போன தடவை நாங்கள் ஆடுகாலை மட்டும்தான் வைத்தோம். கிணற்றுக் கட்டு வட்டமாக, எங்கள் ஊர்க் கிணறாகவே வந்தது.

படம் முடிந்த பிறகு உருவங்களை உருக்கி டின்னில் ஊற்றிவிடலாம். அடுத்ததாகச் சாலொமோனின் நியாயத்தீர்ப்பைச் செய்ய இருக்கிறோம். அதையும் பூசான் அதே புவான்தெலுக்காக 1649இல் வரைந்தார். அதற்கு எட்டு உருவமாவது வேண்டும், மெழுகு போதாது. உடுப்புத் துணிகளை எறிய வேண்டாம். வெந்நீரில் போட்டால் மெழுகும் பசையும் விடும். பெட்டியை வெளியில் விட வேண்டாம். மாப்பசை மணத்துக்கு எலி வரும். அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.